கடைசியாக வாங்கிய சம்பளம்

நான் மறக்குற ஆளு இல்ல. மன்னிக்கிற ஆளும் இல்ல. இத மொதல்லயே சொல்லிர்றேன். முழுசா வாசிச்சுட்டு, ‘ஒரு பொம்பளைக்கு இம்புட்டு வன்மம் ஆகுமா’ன்னு யாரும் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது. ஆகும். எனக்கு ஆச்சு.

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவுல ரோட்டு மேல இருக்கு அந்தப் பள்ளிக்கூடம். அத நடத்துறவருக்கு ரெண்டு பட்டாசுக் கம்பெனி, ஒரு ஆப்செட் பிரஸ், அதுக்கும் மேல இந்தப் பள்ளிக்கூடம். டீச்சருமாரு அவர ‘கரஸ்பாண்டன்ட் சார்’னு கூப்புடுவாக. எங்கள மாதிரி ஆளுகளுக்கு கம்பெனிலயும் மொதலாளி, இங்கயும் மொதலாளிதான். பள்ளிக்கூட வாசலை ஒட்டி உள்ளுக்குள்ளயே ஒரு புக் ஸ்டோர் உண்டு. பாடப் புஸ்தகம், நோட்டு, அட்டை போடுற காக்கிப் பேப்பர், டை, பெல்ட்டு எல்லாம் அங்கனதான் வாங்கணும். வெளிய வாங்குனா நோட்டு அட்டையில பள்ளிக்கூடத்துப் படம் இருக்காது, டீச்சர் திருப்பி அனுப்பிரும்.

அந்த ஸ்டோர்ல பதினோரு வருசம் இருந்தேன். சேந்தது கூட்டிப் பெருக்க. சேந்த கொஞ்ச நாள்லயே ஸ்டோரப் பாத்துக்கிட்டிருந்தவரு மக வீட்டோட போயிட்டாரு. ‘நீ பிளஸ் டூ படிச்சவதானம்மா, ஆளு கெடைக்கிற வரைக்கும் சாவிய வச்சுக்கோ’ன்னாரு மொதலாளி. ஆளு கெடைக்கவே இல்ல. தேடுனாத்தான கெடைக்கிறதுக்கு.

சாவி எங்கிட்ட வந்த அன்னைக்கே வேலையும் வந்துருச்சு. மாசி மாசமே வகுப்பு வகுப்பா டீச்சருமாருகிட்டப் போயி அடுத்த வருசத்துக்கு எந்தப் புஸ்தகம்னு எழுதி வாங்கணும். எத்தனை பிள்ளைக மேல வரும், எத்தனை டி.சி. வாங்கிட்டுப் போகும்னு கணிச்சு ஆர்டர் போடணும். கூடப் போட்டா சரக்குத் தேங்கும், கொறச்சுப் போட்டா பிள்ளை அழும். லோடு வந்தா எறக்கி எண்ணணும். புஸ்தகத்தப் பெரட்டிப் பாத்து, பதினாறாம் பக்கத்துக்கு அடுத்து முப்பத்தி மூணு வருதா, தலைகீழா ஒட்டிருக்கானான்னு பாத்து ஒதுக்கணும். வகுப்புக்கு வகுப்பு செட்டுக் கட்டணும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கலர்ல, பிரஸ்ல வெட்டிக் கழிச்ச பட்டாசு லேபிள் துண்ட வச்சுக் கட்டுவேன். பச்சைன்னா மூணாப்பு, சிவப்புன்னா நாலாப்பு. விக்கணும், பணத்த எண்ணி பேங்குல கட்டணும், மிஞ்சுனத ஆவணிக்குள்ள புஸ்தகக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். இதெல்லாம் செஞ்சு முடிச்சுட்டு, வெளக்கமாத்த எடுத்து ஸ்டோரையும் நானே கூட்டணும். அதையும் விட்டுக் குடுக்கல அவுக.

சென்னையிலிருந்து புஸ்தகக் கம்பெனி ஆளுக வந்தா மொதலாளி என்னியக் கைய நீட்டிக் காட்டுவாரு. ‘இவங்கதான் எங்க ஸ்டோர் மேனேஜர். எதுன்னாலும் இவங்ககிட்டப் பேசிக்கோங்க.’ பிள்ளைகளோட அம்மாமாரும் ‘மேனேஜரக்கா’ன்னுதான் கூப்புடுவாக. நானும் அத நம்பிக்கிட்டுக் கெடந்தேன். கூறுகெட்டவ.

ஒண்ணச் சொல்லணும். மொதலாளிக்கு என் கை மேல ஒரு கிறுக்கு. நான் சாவி வாங்குன மொத வருசம், வைகாசியில விற்பனை ஆரம்பிக்கிற அன்னைக்கு மொத செட்ட என் கையால குடுத்தேன். அந்த வருசம் ஒரு நோட்டு மிஞ்சல. அதிலருந்து போணி என் கையாலதான். சூடம் கொளுத்தி, தேங்காய் ஒடச்சு, மொத ஆளுக்கு மொத செட்ட நான் எடுத்துக் குடுத்து, மொத ரூவாய நான் வாங்கிக் கல்லாவுல போட்டாத்தான் அவரு மூச்சு விடுவாரு. ஆடிப்பெருக்கன்னைக்குப் பிரஸ்ல அடுத்த வருசக் காலண்டர் மாதிரிகளச் சேத்துப் புது ஆல்பம் போடுவாகல்ல, அதுக்கும் ஆள் விட்டுக் கூப்புடுவாரு. மொத ஆல்பம் என் கையால போகணும். ‘தாயி, உன் கை ராசியான கை’ம்பாரு. கை ராசியான கைதான். அந்தக் கைக்கு என்ன குடுக்கணும்னு மட்டும் அவருக்குத் தோணவே இல்ல.

போன தை மாசம் மாப்பிள்ளை வந்தாரு. மொதலாளியோட அக்கா மகன், மகளக் கட்டுனவரும் அவருதான். கோயம்புத்தூர்ல ஏதோ தொழில் வச்சு நொடிச்சுப் போயி வந்தவரு. ‘இனிமே ஸ்டோர மாப்பிள்ளை பாத்துக்கிடுவாரு, நீ கூட இருந்து எல்லாத்தையும் சொல்லிக் குடு தாயி’ன்னாரு மொதலாளி. சரின்னேன். சொல்லியும் குடுத்தேன். ரெண்டு மாசம் அந்த மனுசன் ஏசிய எப்ப மாட்டுவீகன்னு கேட்டதத் தவிர வேற ஒண்ணும் கேக்கல.

பங்குனிச் சம்பளம் போடுற அன்னைக்கு ஆபீசுல கிளார்க்கு லீவு. ‘மாப்பிள்ளைகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா’ன்னு ரிஜிஸ்டர என் கையில குடுத்து விட்டாக. பதினோரு வருசத்துல அந்த ரிஜிஸ்டர நான் முழுசாப் பாத்தது அன்னைக்குத்தான். எப்பவும் ரிஜிஸ்டர மடிச்சுப் பிடிச்சு, கையெழுத்துக் கட்டத்த மட்டும் வெரலால காட்டுவாக, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன். அன்னைக்கு நின்னு வாசிச்சேன். மேல மாப்பிள்ளை பேரு. பதவி, மேலாளர், புத்தக நிலையம். சம்பளம் பதினெட்டாயிரம். ஏழெட்டு வரி தள்ளி என் பேரு. பதவி, ஆயா. சம்பளம் ஏழாயிரத்தி ஐந்நூறு.

ரிஜிஸ்டர மூடித் தொறந்து இன்னொரு தடவை வாசிச்சேன். பணம் கம்மின்னு தெரியும்ல, அதுக்கில்ல. பதினோரு வருசமா ஊரே மேனேஜருன்னு கூப்புட்ட என்னிய, காகிதத்துல ஆயாவாவே வச்சிருக்காரு. ஆயான்னா எளக்காரமான்னு கேக்காதீக. ஆயா வேலை பாத்தா ஆயான்னு எழுது. நான் ரெண்டு வேலையும் பாத்தேன், அதுல ஒண்ண மட்டும் எழுதிட்டு இன்னொண்ண அமுக்கிட்டாரே, அதுக்கு என்ன பேரு?

மொதலாளிகிட்ட நேராப் போயி நின்னேன். ‘என்னிய எப்பய்யா மேனேஜராப் போடுவீக?’ அவரு சிரிச்சாரு. ‘நீ நம்ம வீட்டுப் பிள்ளை தாயி. உனக்கு எதுக்குப் பதவி?’ வீட்டுப் பிள்ளையாம்! மாப்பிள்ளையும் வீட்டுப் பிள்ளைதான, அவருக்கு மட்டும் பதவி எதுக்குன்னு நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டிருக்கணும். கேக்கல. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுததுக்காகவும் சேத்து அவர் மேல கோவம் வந்துச்சு.

அந்த நேரத்துலதான் விருதுநகர்ல ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல ஆள் கேட்டிருந்தது வாட்ஸப்புல வந்துச்சு. புத்தக நிலைய மேலாளர் தேவை. அனுபவச் சான்றிதழ் கொண்டு வரவும். கடைசியாக வாங்கிய சம்பளத்தைப் பொறுத்து ஊதியம் நிர்ணயிக்கப்படும். என் மக அப்பத்தான் பிளஸ் டூ எழுதி முடிச்சிருந்தா. நர்சிங் சேரணும்னு நிக்கிறா. எங்க வீட்டுக்காரரு தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு லோடு வண்டி ஓட்டுறாரு. சீசன்ல சோறு, சீசன் போனா கஞ்சி. இந்த வேலை நல்ல சம்பளத்துல அமைஞ்சா மகளச் சேத்துரலாம், இல்லாட்டி இல்ல. அம்புட்டுதான் கணக்கு.

வேலைய விடுறேன், சான்றிதழ் குடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். நாலு நாள் கழிச்சு ஆபீசுல ஒரு கவர் குடுத்தாக. பிரிச்சுப் பாத்தா, ‘எமது பள்ளியில் ஆயாவாகப் பணிபுரிந்தார். நன்னடத்தை உடையவர்.’ முடிஞ்சுது. பதினோரு வருசத்துக்கு ஒன்றரை வரி. அந்தக் காகிதத்த அங்கனயே கிளார்க்கு மேசையில வச்சுட்டு, சாவிக்கொத்தையும் அது மேல போட்டுட்டு வந்துட்டேன். இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியமா, அன்னைக்கு நான் நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ஆளு எங்கிட்ட வந்து நிக்கணும்.

வந்தாரு. நான் ஒண்ணும் செய்யல, அவரா வந்தாரு.

வைகாசி கடைசியில ஸ்டோரத் தொறந்தாக. மாப்பிள்ளை கையாலயே போணி. பெரிய மால, நாதஸ்வரம் பாட்டு ஸ்பீக்கர்ல, போட்டோ எல்லாம் எடுத்தாகளாம். மூணாப்பு செட்டு ஒண்ணத் தூக்கிக் குடுத்து ரூவாய வாங்கிக் கல்லாவுல போட்டாரு. பத்தே நிமிசம். வாங்குன அம்மா திரும்பி வந்து நிக்கிது. ‘சார், இங்கிலீஷ் புக்குல பாதிப் பக்கத்தக் காணோம். எனக்கு ரூவாயத் திருப்பிக் குடுத்துருங்க.’ ஏலே, லோடு வந்தா பெரட்டிப் பாருன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எந்தக் காதுல ஏறுச்சு?

வியாபாரம் பண்ற வீட்டுல இது எம்புட்டுப் பெரிய விசயம்னு எங்க பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும். போணி கடனாப் போகக் கூடாது, திரும்பி வரவே கூடாது. மொதலாளி அந்த நிமிசமே ஷட்டர எறக்கச் சொல்லிட்டாராம். வெளிய இருநூறு பேரு வெயில்ல நிக்கிறாக, வைய ஆரம்பிச்சுட்டாக. நாளைக்குக் காலைல ஒம்பதரைல இருந்து பத்தரை நல்ல நேரம், அப்பத் தொறக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாரு.

மறுநாள் ஒம்பது மணிக்கு எங்க தெருவுல கார் வந்து நிக்கிது. டிரைவர அனுப்பல, மொதலாளியே வந்துட்டாரு. நான் வாசல்ல பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தேன். எந்திரிக்கல.

‘தாயி, போணி மட்டும் பண்ணிக் குடுத்துட்டு வந்துரு. காருலயே கொண்டாந்து விட்டுர்றேன்.’

‘ஆயா கையால போணி பண்ணுனா ராசியாய்யா?’

அவரு மூஞ்சி செத்துப் போச்சு. ஐயாயிரம் ரூவாய எடுத்து நீட்டுனாரு. ‘அத உள்ள வைங்க. லெட்டர் பேடும் சீலும் எங்க இருக்கு?’ன்னேன்.

காருல போயி எறங்குனா ஸ்டோர் வாசல்ல கூட்டம் அலமோதுது. மணி ஒம்பதே முக்கா. நான் கல்லாவத் தொடல. மொதலாளி நாற்காலிக்கு எதுக்க உக்காந்தேன். பதினோரு வருசத்துல அவருக்கு எதுக்க உக்காந்தது அன்னைக்குத்தான். ‘எழுதுங்க’ன்னேன். கிளார்க்கு வேண்டாம், உங்க கையாலயே எழுதுங்கன்னேன். மாப்பிள்ளை ஓரமா நின்னு வேடிக்கை பாக்குறாரு.

‘புத்தக நிலைய மேலாளராகப் பதினோரு ஆண்டுகள். எழுதிட்டீகளா? பாடநூல் தேர்வுப் பட்டியல் தயாரித்தல். கொள்முதல். இருப்புச் சரிபார்த்தல். பழுதான புத்தகங்களைக் கண்டறிதல், அத நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க. விற்பனை. வங்கிப் பொறுப்பு. மீதிச் சரக்கத் திருப்பி அனுப்புதல்.’ அவரு எழுதிக்கிட்டே போறாரு. கடியாரத்தப் பாக்குறாரு, எழுதுறாரு. ஐயோ, அந்தப் பத்து நிமிசத்த எனக்கு யாராச்சும் திருப்பிக் குடுத்தா தெனமும் ஒருக்கா அனுபவிப்பேன். ‘கூட்டிப் பெருக்குனதையும் எழுதுங்க. அதுவும் நாந்தான செஞ்சேன்’னேன். அதையும் எழுதுனாரு.

‘கடைசியாக வாங்கிய சம்பளம்’னு நான் சொன்னதும் பேனா நின்னுருச்சு. மேனேஜருன்னு எழுதிட்டு ஏழாயிரத்தி ஐந்நூறுன்னு போட்டா யாருக்குக் கேவலம்? அதுவும் விருதுநகர்ப் பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரி அவருக்குப் பழக்கமானவரு, கல்யாணம் காச்சியில, சங்கத்துக் கூட்டத்துல பக்கத்துப் பக்கத்துல உக்கார்றவுக.

கொரலத் தணிச்சுக்கிட்டுச் சொன்னாரு. ‘தாயி, பதினெட்டாயிரம்னு போட்டுர்றேன். உனக்கும் நல்லது. அங்க இருவது குடுப்பாக.’

நல்லாக் கேட்டுக்கோங்க. நியாயமான புத்தி இருக்குறவ அந்த எடத்துல வாய மூடிட்டு வாங்கிருப்பா. எனக்கு அவரு அந்தக் கேவலத்துலருந்து நழுவிர்றாரேங்கிறது மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சுது. ‘குடுக்காத சம்பளத்தக் குடுத்தேன்னு எழுதுவீகளா? நீங்க குடுத்தத எழுதுங்கய்யா. ஏழாயிரத்தி ஐந்நூறு. எண்ணுலயும் எழுத்துலயும்.’

எழுதுனாரு. கையெழுத்துப் போட்டாரு. சீலும் எங் கண்ணு முன்னால அழுத்திக் குத்தச் சொல்லி வாங்குனேன். பெறகு போயி, ஒரு செட்ட எடுத்துப் பக்கம் பக்கமாப் பெரட்டிப் பாத்து, மொத ஆளா நின்ன அம்மாகிட்டக் குடுத்து, ரூவாய வாங்கிக் கல்லாவுல போட்டேன். போணிய நான் கெடுக்கல. பிள்ளைக புஸ்தகத்து மேல எனக்கு என்ன கோவம்.

வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்டக் காட்டி, நடந்ததச் சொன்னேன். வாசிச்சாரு. தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. ‘ஏ புள்ள, கடைசிச் சம்பளத்த வச்சுத்தான் அங்க சம்பளம்னு போட்டிருக்கான். பதினெட்டுன்னு எழுத வந்தவன ஏழரைன்னு எழுத வச்சிட்டு வந்திருக்கியே, உனக்குக் கிறுக்கா?’ அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. ராத்திரிச் சோறு எறங்கல. ஆனா அந்தக் காகிதத்த மட்டும் மடிக்காம, மக பரீச்சை அட்டையில கிளிப்பு மாட்டி வச்சுப் பத்திரப்படுத்துனேன்.

அந்த எடத்துக்கு இன்னும் ஆள் அமையலன்னு கேட்டுக்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு விருதுநகருக்குப் பஸ் ஏறுனேன். செக்ரட்டரி வயசானவரு, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு வாசிச்சாரு. வேலையப் பத்திக் கேட்டாரு, சொன்னேன். ரெண்டு புஸ்தகத்த எடுத்துக் குடுத்தாரு, பெரட்டி ஒண்ணுல பக்கம் மாறிருக்குன்னு காட்டுனேன். அவருக்குத் திருப்தி. பெறகு சம்பள வரிக்கு வந்தாரு. ரெண்டு தடவை வாசிச்சாரு.

‘ஏம்மா, இந்த வேலைக்கு இம்புட்டா குடுத்தாரு?’

‘ஆமாங்கய்யா.’

‘அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லையே’ன்னவரு, மேசையில இருந்த போன எடுத்து எண்ணப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாரு. ரெண்டு பேரும் நலம் விசாரிச்சாக. பெறகு செக்ரட்டரி கேட்டாரு, ‘அண்ணாச்சி, உங்க ஸ்டோர்ல இருந்த அம்மா வந்திருக்கு. மேனேஜருக்கு ஏழாயிரத்தி ஐந்நூறுன்னு போட்டிருக்கே, அதான் கேட்டேன்.’

போன்ல மொதலாளி சிரிக்கிறாரு. ‘அடடா, அது அவசரத்துல தப்பா எழுதிட்டேன். பதினெட்டாயிரம். நம்ம ஸ்டோருக்கு மேனேஜர்னா சும்மாவா? நல்ல பிள்ளை, விட்டுராதீக.’

செக்ரட்டரி மொகம் மலர்ந்துருச்சு. பேனாவ எடுத்துட்டாரு. ‘அப்படிச் சொல்லுங்க. அப்ப இருவதுன்னு போட்டுருவோம்.’ என்னியப் பாத்தாரு. ‘பதினெட்டுதானம்மா?’

ஆமான்னா முடிஞ்சுது. மக நர்சிங் சேந்துருவா. என் கண்ணு முன்னால அவ நிக்கிறா, இல்லைன்னு சொல்லல. ஆனா காதுல அந்தச் சிரிப்பு கேக்குது. பதினோரு வருசம் எம் பங்கத் தின்னுட்டு, தாராளமாக் குடுத்த மனுசன்னு என் எதுக்கவே பேரு வாங்குறாரு, அதுக்கு நானே சாட்சி சொல்லணுமாம்.

போன் பக்கம் குனிஞ்சு, அவருக்கு நல்லாக் கேக்குற மாதிரி சொன்னேன். ‘தப்பா எழுதலய்யா. ஏழாயிரத்தி ஐந்நூறுதான். பதினெட்டாயிரம் உங்க மருமகனுக்கு. எனக்கு ரிஜிஸ்டர்ல ஆயான்னு போட்டிருந்தீக. இல்லைன்னா, இப்ப இல்லைன்னு சொல்லுங்க.’

செக்ரட்டரி ‘அண்ணாச்சி, அண்ணாச்சி’ங்கிறாரு. மொதலாளி போன வச்சுட்டாரு.

செக்ரட்டரி ரொம்ப நேரம் கண்ணாடியத் தொடச்சாரு. வேலை எனக்குத்தான்னாரு. மேலாளர்னு ஆர்டரும் அன்னைக்கே குடுத்தாரு. சம்பளம் மட்டும், ‘கமிட்டிக்குக் கணக்குச் சொல்லணும்மா, ஏழரையிலருந்து ஒரேயடியா ஏத்த முடியாது, பன்னெண்டு போட்டிருக்கேன்’னாரு. வாங்கிட்டு வந்தேன்.

மாசம் எட்டாயிரம் போச்சு. மக நர்சிங் சேரல. பி.காம். சேந்திருக்கா, தெனமும் எங்கூடத்தான் பஸ்ஸுல விருதுநகர் வாரா. விசயம் அவளுக்குத் தெரியும், அவ அப்பா சொல்லிட்டாரு. ஒரு நாள் பஸ்ஸுல ஜன்னலப் பாத்துக்கிட்டே கேட்டா, ‘ஏம்மா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?’

‘சொல்லிருக்கலாம்த்தா’ன்னேன்.

‘இப்பக் கேட்டா சொல்லுவியா?’

அவளுக்குப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல. ‘மாட்டேன்’னேன். அவ பையத் தூக்கிக்கிட்டு, முன்னால காலியாக் கெடந்த சீட்டுல போயி உக்காந்துட்டா.